பொறிஞர் கழகங்களை ஆள்வது யார்?

கழகம் காண்பதில் தமிழன் எவர்க்கும் பின்தங்கியவன் அல்லன். மதுரையில் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் கண்டார். மேலைச்சிவபுரியில் 1909-இல் சன்மார்க்க சபை எழுந்தது. காரைக்குடியில் 1917-இல் இந்து மதாபிமான சங்கமும் 1939-இல் கம்பன் கழகமும் தோன்றின. இன்றோ தெருவுக்கு ஒரு கழகம்; தொழிலுக்கு இரண்டு. ஆயின், கண்ட கழகத்தை முறைப்படி ஆளுதல் எங்ஙனம் என்பதைக் கற்றோமா? இவ்வினா என் உள்ளத்தில் ஆழப் பதிந்ததற்கு ஒரு நிகழ்ச்சி கரணியமாயிற்று. அதனை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

சென்ற ஆண்டு செபுதம்பர் 15-ஆம் நாள், பொறிஞர் நாள் விழாவில் தமிழ்வாழ்த்துப் பாடி நாலுசொல் பேசுமாறு, காரைக்குடியை அடுத்த ஓர் ஊரின் கட்டடப் பொறிஞர் கழகத்தார் என்னை அழைத்தனர். ஊரின் பெயரும் கழகத்தின் பெயரும் இங்கு வேண்டா. விழா முடிந்து உணவருந்திக் கொண்டிருக்கையில் பழைய மாணவர் ஒருவர் அருகில் வந்தமர்ந்தார். பத்தாம் வகுப்புவரை என்னிடம் தமிழ்வழியிற் பயின்றவர், பட்டயப் படிப்பு முடித்துக் கட்டடப் பணிகளை மேற்பார்ப்பவர், தந்தையார் கொத்தனார். "ஐயா, இருபதாண்டாக இந்தக் கழகத்தில் பணம் கட்டி வருகின்றேன். தலைவரைத் தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை உண்டா, இல்லையா என்பதே இன்றுவரை தெரியாது. ஒருமுறை கணக்குக் கேட்டேன். 'அதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தம்பி. உனக்கு விளங்காது' என்றார்கள். அதன்பின் கேட்கவில்லை" என்றார்.

நான் செயலாளரிடம் கழக விதிகளைக் காட்டுமாறு வேண்டினேன். அரைமணி நேரம் தேடி, ஒரு தகரப் பெட்டியின் அடியிலிருந்து பழுப்பேறிய தாள்களை எடுத்துத் தந்தார். முற்றும் ஆங்கிலம். "இதை நானே முழுதும் படித்ததில்லை, ஐயா" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். அன்றிரவு அதனை வீட்டிற்குக் கொணர்ந்து, அம்மாணவரை அருகிருத்தி, வரிவரியாகத் தமிழாக்கிக் காட்டினேன். ஓராண்டுக் கட்டணம் செலுத்திய உறுப்பினர் எவர்க்கும் ஒப்போலை உரிமை உண்டு என்றிருந்தது. பொறுப்பாளர் காலம் ஈராண்டே என்றிருந்தது. உறுப்பினருள் ஐந்தில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்பின் பொதுக்குழுவைக் கூட்டியே ஆகவேண்டும் என்றும் இருந்தது. இருபதாண்டாகத் தம் சட்டைப் பையிலேயே இருந்த உரிமையை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். அவர் முகத்தில் தோன்றியது மகிழ்ச்சி அன்று. நாணமும் சினமும் கலந்த ஒன்று.

இஃது ஓர் ஊரின் குறை மட்டும் அன்று. தொழிலறிவுக் கழகம் என்றால் யாது, அதனை ஆள்வோர் யார், அதன் பொருள் யாருக்குரியது என்னும் தெளிவு நம்மவரிடை இன்மையால் விளைந்த குறை.

பொறிஞர் கழகம் வணிக நிறுவனம் அன்று, தொழிற்சங்கமும் அன்று, அரசின் துறையும் அன்று. ஒரு தொழிலைக் கற்றோர் தம் அறிவை வளர்த்தற்கும், அத்தொழிலின் தரத்தைக் காத்தற்கும், பொதுமக்களுக்குத் தீங்கு நேராமல் தடுத்தற்கும் தாமே கூடி அமைத்துக்கொள்ளும் அவை அது. அதற்கும் வரவுண்டு, செலவுண்டு, மிச்சமுண்டு. நம் செட்டிநாட்டு மொழியிற் சொல்வதாயின், அதற்கும் நாள்வழி உண்டு, பேரேடு உண்டு, ஆண்டிறுதியில் ஐந்தொகையும் உண்டு. வேறுபாடு ஒன்றே. வணிகக் கடையின் ஐந்தொகையில் மிச்சம் தேறின் அது பங்காளிகளுக்குப் பிரித்தளிக்கப்படும். கழகத்தின் மிச்சமோ எவர் வீட்டிற்கும் போகாமல் கழகத்தின் நோக்கத்திற்கே திரும்புதல் வேண்டும். ஊதியம் கருதாக் கழகம் என்பதற்குப் பொருள் இதுவே. கணக்குக் காட்ட வேண்டாத கழகம் என்பது அதற்குப் பொருள் அன்று. பங்கு பிரிக்கும் கடையிற் பங்காளி தன் பங்கிற்காகவேனும் கணக்குக் கேட்பான். பங்கில்லாத கழகத்தில் அங்ஙனம் கேட்பார் இலர். ஆகலின் அங்கேதான் கணக்கு இன்னும் தெளிவாக இருத்தல் வேண்டும்.

இத்தகைய கழகங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இலண்டனில் 1818-ஆம் ஆண்டு, இளம் பொறிஞர் சிலர் ஒரு குளம்பிக் கடையிற் கூடிக் கட்டடப் பொறிஞர் கழகத்தைத் தொடங்கினர். அஃது ஈராண்டு தள்ளாடிற்று. 1820-இல் தாமசு தெல்போர்டு என்பாரைத் தலைவராக அமர்த்திய பின்னரே அது தலைநிமிர்ந்தது. 1828-இல் அரச பட்டயமும் பெற்றது. அந்தத் தெல்போர்டு யார்? காட்டுலாந்து நாட்டில் ஆடுமேய்ப்பவர் ஒருவரின் மகன்; கல்தச்சரிடம் பணிபயின்றவர்; கல்லுளியைப் பிடித்த கையால் பாலங்களும் கால்வாய்களும் சாலைகளும் கண்டவர். உலகின் மூத்த பொறிஞர் கழகங்களுள் ஒன்றின் முதல் தலைவர் ஒரு கல்தச்சர். இதை நம் ஊர்க் கழகங்களில் கொத்தனார் மகனைக் கடைசி வரிசையில் அமர்த்துவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டிற்கு வருவோம். இந்தியப் பொறிஞர் நிறுவனம் 1920-ஆம் ஆண்டு செபுதம்பர் 13-ஆம் நாள் பதிவு செய்யப்பெற்றது. எங்கே? நம் சென்னையில். ஆயின், 1921-ஆம் ஆண்டு பிப்பிரவரி 23-ஆம் நாள் அதன் தொடக்கவிழா கொல்கத்தாவில் நடந்தது. ஆங்கிலப் பேராளர் செம்சுபோர்டு தொடங்கி வைத்தார். தலைமையகமும் அங்கேயே அமைந்தது. 1935-ஆம் ஆண்டு செபுதம்பர் 9-ஆம் நாள் ஐந்தாம் சியார்சு மன்னர் அதற்குப் பட்டயம் வழங்கினார். மன்னராட்சி போயிற்று, பட்டயம் மட்டும் இன்றும் அந்நிறுவனத்தின் அடிக்கல்லாக நிற்கின்றது.

அதன் அமைப்பு முறையை நம்மவர் அறிந்திருத்தல் நன்று. சிறு கழகங்களுக்கும் அதில் பாடம் உண்டு. உறுப்பாண்மையிற் படிநிலைகள் உள்ளன: மாணவர், தொழில்வினைஞர், இணை உறுப்பினர், உறுப்பினர், அவற்றின்மேல் பேருறுப்பினர். கல்வியும் பட்டறிவும் வளர வளர ஒருவர் படியேறலாம். உறுப்பினருள் உரிய படியினர் தேர்ந்தெடுக்கும் பேரவை ஒன்று உண்டு. ஆட்சி அதன் கையில். தலைவர் பொறுப்பு ஓராண்டுக்கே உரியது. ஒருவரே ஆண்டாண்டாக அந்நாற்காலியில் ஒட்டிக்கொள்ள இடமில்லை. நாடெங்கும் மாநில நடுவங்களும் உள்ளூர் நடுவங்களும் நூற்றுக்கு மேல் உள்ளன. கட்டடம், எந்திரம், மின்னியல், மாழையியல் எனப் பதினைந்து பொறியியற் பிரிவுகளும் தனித்தனிக் குழுக்களால் நடைபெறுகின்றன. அன்றாடப் பணிகளைச் சம்பளம் பெறும் அலுவலர் பார்ப்பர். கொள்கையைச் சம்பளம் பெறாத தேர்ந்தெடுக்கப்பட்டோர் வகுப்பர்.

இவற்றுள் மூன்று கோட்பாடுகளை நாம் பொறுக்கிக்கொள்ளலாம். ஒன்று, பொறுப்பின் காலம் குறுகியதாதல். இரண்டு, ஆள்வோரும் அலுவலரும் வேறாதல். மூன்று, தலைமையகம் தொலைவில் இருப்பினும் உள்ளூரில் ஒரு நடுவம் உயிரோடிருத்தல். இம்மூன்றும் இல்லாத கழகம் நாளடைவில் ஒரு குடும்பச் சொத்தாகவோ, ஒரு செயலாளரின் தகரப் பெட்டியாகவோ சுருங்கிவிடும்.

அந்நிறுவனம் செய்த மற்றோர் அருஞ்செயலையும் மறத்தல் தகாது. 1928 முதல் அது நடத்திய தேர்வுகள், கல்லூரி வாயிலை மிதிக்க இயலாத உழைப்பாளர்க்குப் பொறிஞராகும் வழியைத் திறந்தன. பகலிற் பட்டறையிலும் சாலைப்பணியிலும் உழைத்து இரவில் விளக்கடியிற் படித்து, முதற்பகுதி, இரண்டாம்பகுதி எனத் தேறி, பட்டத்திற்கு ஒப்பான தகுதி பெற்றோர் பல்லாயிரவர். ஒரு கழகம் தன் உறுப்பினர்க்குச் செய்யக்கூடிய உதவிகளுள் இதனினும் பெரிது இல்லை. ஆயின் 2013-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள்வரை பதிந்தோர்க்கு மட்டுமே அவ்வொப்புமை செல்லும் என நடுவணரசு வரையறுத்துவிட்டது. அதன்பின் அவ்வழியே ஏற எண்ணிய பட்டயப் படிப்பினர் பலர்க்கு ஏணி பாதியில் முறிந்தது. தரத்தைக் காக்கவே அவ்வரையறை என்பாரும் உளர். அவர்தம் கருத்தை முற்றும் ஒதுக்குதற்கில்லை. எனினும் ஒன்றைக் கேட்க விரும்புகின்றேன்: அவ்வாணை வந்தபோது உழைக்கும் உறுப்பினர் எத்தனைபேர் தம் நடுவத்தின் கூட்டத்திற்குச் சென்று தம் கருத்தை வலியுறுத்தினர்? கழகத்தில் தமக்குக் குரல் உண்டென்பதை அறியாதவர் ஏணி முறிவதை நின்று பார்ப்பதல்லால் வேறென் செய்வர்?

வழக்கறிஞர்க்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கட்டடக் கலைஞர்க்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பொறிஞர் அனைவரையும் பதிந்து நெறிப்படுத்தும் அத்தகைய நடுவண் சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை. ஆகவே பொறிஞரின் ஒழுக்கத்திற்கும் தரத்திற்கும் காவலாக நிற்கவேண்டிய கடமை பெரும்பாலும் அவர்தம் கழகங்களின் தோளிலேயே விழுகின்றது. கழகம் சோர்ந்தால் இழப்பு உறுப்பினர்க்கு மட்டும் அன்று. இடியும் சுவரின்கீழ் உறங்கும் ஏழைக்கும்தான்.

நல்ல நோக்கத்திற் பிறந்த கழகமும் கெடுமோ எனின், கெடும். அமெரிக்க எந்திரப் பொறிஞர் கழகம் 1880-இல் தோன்றியது. 1905-இல் பிராக்டன் என்னும் ஊரில் செருப்புத் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். இத்தகைய கொடுமைகளைத் தடுக்கவே அக்கழகம் கொதிகலன் நெறிமுறைகளை வகுத்தது. அந்நெறிமுறைகளாற் பிழைத்த உயிர்கள் எண்ணிலடங்கா. ஆயின் 1971-இல் நடந்தது யாது? சிறிய நிறுவனம் ஒன்று கொதிகலனில் நீர் குறைந்தால் எரிபொருளை நிறுத்தும் புதுக்கருவி ஒன்றை விற்றுவந்தது. அதன் போட்டி நிறுவனத்தார் அக்கழகத்திற்கு ஒரு வினா எழுதினர். அந்நெறிமுறையைக் கவனிக்கும் உட்குழுவின் துணைத்தலைவரோ அதே போட்டி நிறுவனத்தின் உயர்பணியாளர். வினாவை வரைவதிலேயே அவருக்குக் கையிருந்தது. புதுக்கருவி பாதுகாப்பற்றது என்று தோன்றும்படி கழகத்தின் பெயரால் ஒரு மடல் வந்தது. அம்மடலைக் காட்டிக் காட்டியே போட்டி நிறுவனத்தார் வாங்குவோரைத் தடுத்தனர். சிறு நிறுவனம் நொடித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நயன்மன்றம்வரை சென்றது. 1982-இல் அம்மன்றம், கழகமே இதற்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கழகத்திற்கு இதனால் ஒரு காசும் கிட்டவில்லை. கழகத்தின் பொதுக்குழு இதனை அறியவுமில்லை. எனினும் தன் பெயரையும் முத்திரைத் தாளையும் யாரிடம் ஒப்படைத்தோம் என்பதைக் கழகம் கண்காணித்திருக்க வேண்டும் என்பதே தீர்ப்பின் உட்பொருள்.

இதிலிருந்து நம் சிற்றூர்க் கழகத்திற்கும் பாடம் உண்டு. மணல், கம்பி, பைஞ்சுதை விற்போர் விழாவிற்கு நன்கொடை தருவர், மேடையில் அமர்வர். தருக, அமர்க. ஆயின் எக்கம்பி நல்லது, எப்பைஞ்சுதை உறுதியானது என்று கழகத்தின் பெயராற் சொல்லும் இடத்தில் மட்டும் அவர் கையிருத்தல் கூடாது. தன்னலம் தொடும் பொருள் வரும்போது, 'இதில் எனக்கு நலன் உண்டு; நான் விலகி நிற்கின்றேன்' என்று எழுந்து சொல்லும் ஒழுக்கம் கழக விதியிலேயே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

மேலைநாட்டுக் கதையையே பேசுவானேன்? நம் செட்டிநாட்டில் கழக ஆட்சிக்கு முன்மாதிரி இல்லையா? உண்டு. நகரத்தாரின் ஒன்பது கோயில்கள் நடைபெறும் முறையை எண்ணிப் பாருங்கள். இளையாற்றங்குடி முதற் பிள்ளையார்பட்டி ஈறாக, ஒவ்வொரு கோயிலைச் சார்ந்தோரும் புள்ளிக் கணக்கால் இணைந்துள்ளனர். மணமான குடும்பம் ஒன்று, புள்ளி ஒன்று. கடல்கடந்து பெரும்பொருள் ஈட்டியவனும் ஒரு புள்ளி. கணக்கெழுதிப் பிழைப்பவனும் ஒரு புள்ளி. புள்ளிவரி இறுத்தவன் எவனும் கூட்டத்திற் கணக்குக் கேட்கலாம். இன்றைய கழகச் சட்டங்கள் வருவதற்குப் பன்னெடுங் காலத்திற்கு முன்பே, 'தலைக்கு ஒன்று, கணக்கு எல்லார்க்கும்' என்னும் கோட்பாட்டை நம்மவர் நடத்திக் காட்டினர். அதுவும் எம்மொழியில்? தமிழில். பேரேடு தமிழ், ஐந்தொகை தமிழ், எண்களும் தமிழ்.

அம்முறையிற் குறையும் உண்டென்பதை மறைக்க வேண்டா. புள்ளி பிறப்பால் வருவது. வேறு குலத்தார்க்கு அதில் இடமில்லை. அறிவுக் கழகம் அங்ஙனம் இருத்தலாகாது. உழைப்பாலும் அறிவாலும் தகுதி பெற்றோர் யாவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், அவர் புள்ளியே ஆவர். பழைய முறையின் கணக்கு ஒழுங்கைக் கொள்வோம். அதன் வேலியைத் தள்ளுவோம்.

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். 'பொறியியலுக்கு ஆங்கிலம் இன்றியமையாதது. கழகத்திற்குத் தமிழ் எதற்கு?' என்பர் சிலர். கொதிகலன் கணிப்பை ஒருவர் எம்மொழியிலேனும் செய்க. பிறநாட்டுத் தாளிகைகளை ஆங்கிலத்திலேயே கற்க. அதனை யாம் தடுக்கவில்லை. ஆயின் கழகத்தை ஆளும் விதியும், ஆண்டுக் கணக்கும், கூட்ட நடவடிக்கையும் உறுப்பினர் வாசித்து உணரும் மொழியில் இல்லையாயின், அக்கழகத்தில் ஆட்சி உறுப்பினருடையது ஆகாது. அம்மொழி அறிந்த நால்வருடையதே ஆகும். உரிமையைப் பறிக்கக் கொள்ளையர் வேண்டா. விளங்காத தாள் ஒன்றே போதும்.

தமிழில் இயலுமோ என்று ஐயுறுவார்க்கு நம் ஊரே விடை கூறும். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 நூறாயிரம் உருபாவும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் இராதாகிருட்டிணனார் திறந்து வைத்த நடுவண் மின்வேதியல் ஆய்வகம் காரைக்குடியில் உள்ளது. 1952 முதற் பொறியியற் கல்லூரியும் இங்குண்டு. மின்வேதியல் அறிஞர்க்கென நாடளாவிய கழகம் ஒன்றும் இவ்வூரையே இருப்பிடமாகக் கொண்டது. பெருநகரங்களில் மட்டுமே அறிவுக் கழகம் வேர்கொள்ளும் என்னும் மயக்கத்தை இவ்வூர் என்றோ உடைத்துவிட்டது. கோவையில் 1948-இல் தொடங்கிய 'கலைக்கதிர்' அறிவியலைத் தமிழில் எழுதிக் காட்டிற்று. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. பொறியியலையே தமிழிற் கற்பிக்க இயலுமாயின், பத்துப் பக்க விதிமுறையைத் தமிழில் எழுத இயலாதா?

ஆகவே ஊர்தோறும் உள்ள பொறிஞர், வரைவாளர், மேற்பார்வையாளர் கழகத்தார்க்கு யாம் வேண்டுவன இவை. கழக விதிகளைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் தருக. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் குழுவினர் காலத்திற்கு மூன்றாண்டு எல்லை வகுத்துள்ளது. அவ்வெல்லையை மதித்துத் தேர்தலை உரிய நாளில் நடத்துக. ஒருவரே தொடர்ந்து இருமுறைக்குமேல் தலைமை ஏலாதிருக்க. ஐந்தொகையைப் பொதுக்குழுவிற்குப் பதினைந்து நாள் முன்னரே அனைவர்க்கும் அனுப்புக. தன்னலம் தொடும் பொருளில் விலகி நிற்கும் விதியை எழுதுக. பட்டம் பெறாத வினைஞர்க்கும் ஒரு படியும், அப்படியிலிருந்து ஏற ஒரு வழியும், குழுவில் ஓர் இடமும் தருக. உறுப்பினரோ, ஆண்டுக்கு ஒருநாளேனும் விழாச் சாப்பாட்டிற்கன்றிக் கணக்குக் கேட்பதற்கென்றே கூட்டத்திற்குச் செல்க.

என் மாணவரின் கதையை முடிக்கவில்லை. அவர் தமிழிலேயே ஒரு வேண்டுகை எழுதினார். ஐந்தில் ஒரு பங்கினர்க்கு மேல் கையெழுத்திட்டனர். 'ஆங்கிலத்தில் எழுதித் தருக' என்று முதலில் திருப்பினார்கள். 'எம்மொழியில் எழுதவேண்டும் என்று விதியில் இல்லையே' என்று அவர் விதியையே எடுத்துக் காட்டினார். பொங்கல் கழிந்தபின் பொதுக்குழு கூடிற்று. பல்லாண்டுக்குப் பின் முதன்முறையாகக் கணக்குத் தமிழிற் படிக்கப்பட்டது. அதில் களவு ஏதும் இல்லை. செயலாளர் கைப்பொருளையும் இட்டே கழகத்தை நடத்தியிருந்தார் என்பது வெளியாயிற்று. மாணவர் எழுந்து அவருக்கு நன்றி கூறினார். தேர்தலில் மாணவர் தோற்றார்; அவரினும் இளையவரான ஒரு பெண் பொறிஞர் பொருளாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தோற்றவர் என்னிடம் வந்து சொன்னார்: "ஐயா, என் தந்தை சுவர் எழுப்புகையில் பத்து வரிசைக்கு ஒருமுறை தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார். நாங்கள் இருபதாண்டாகக் குண்டே பிடிக்காமல் சுவர் எழுப்பியிருக்கிறோம்."

தமிழுடன்பிறப்புகளே! நும் ஊர்க் கழகத்தின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். விதியைத் தமிழாக்குங்கள். கற்றவர் படித்துக் காட்டுக. கல்லாதவர் கேட்டு உணர்க. தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்ப்போம். சுவர் நேராகவே நிற்குமாயின் மகிழ்வோம். சாய்ந்திருக்குமாயின் இன்றே திருத்துவோம்.